மூணாவது தண்ணி: மறுசுழற்சி நீரைக் குடியிருப்பில் எல்லோரும் ஏற்கும்படி கொண்டுவருவது எப்படி? முழுமையான வழிகாட்டி

அடுக்கக அசோசியேஷன் செயலாளர்களுக்கும், லேஅவுட் சங்கத்தில் தண்ணீர்ப் பொறுப்பைத் தலையில் கட்டிக்கொண்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எஸ்டிபி, அதாவது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், கட்டுவது எப்படி என்பது இதில் இல்லை. கட்டி முடித்த எஸ்டிபியின் தண்ணீரை ஃப்ளஷுக்கும் செடிகளுக்கும் திருப்பிவிடும் முன் வீட்டுக்காரர்களிடம் எதை, எந்த வரிசையில், எந்தச் சொல்லால் சொல்வது என்பது மட்டும்தான்.

கோவையில் எங்கள் குடியிருப்பில் இதைச் செய்யப்போய் முதல் தடவை தோற்றோம். எட்டு மாதம் லைனை மூடி வைத்துவிட்டு மறுபடி முயன்றோம். அப்புறம் தெரிந்தவர்கள் கூப்பிட்டு இன்னும் மூன்று குடியிருப்புகளுக்குப் போனேன். நான்கு இடத்திலும் மோட்டாரும் காற்று ஊதும் ப்ளோயரும் ஒழுங்காகத்தான் ஓடின. மக்கர் செய்ததெல்லாம் நாங்கள் பேசிய பேச்சு.

முழுதாகப் பத்துப் பன்னிரண்டு வாரம் ஆகும். "அடுத்த வாரம் தண்ணி விட்டுடலாம்" என்று எஸ்டிபி ஒப்பந்தக்காரர் சொல்வார். அவர் சொல்வது மோட்டாருக்குப் பொருந்தும்.

1. வாயைத் திறக்கும் முன் தயாராக வேண்டியவை

நான்கு வேலைகள் முடியாமல் யாரிடமும் பேச்சை எடுக்காதீர்கள்.

முதலாவது, குறைந்தது ஒரு மாதம் எஸ்டிபியை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். புதுத் தொட்டியில் அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகச் சில வாரம் பிடிக்கும். அதுவரை நுரையும் வாடையும் இருக்கும். அந்த வாரங்களில் தண்ணீரை வீட்டுக்குள் விட்டால் முதல் நாள் அடித்த வாடையே கடைசிவரை நினைவில் நிற்கும். சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டு மறுசுழற்சி நீருக்கான சோதனை ஆலையை ஓட்டத் தொடங்கி, இரண்டு வருடம் சோதித்த பிறகுதான் 2002 தேசிய நாள் விழாவில் கூட்டத்தின் கையில் அந்தத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்கள். நமக்கு ஒரு மாதமாவது வேண்டாமா?

இரண்டாவது, குழாய்ச் சோதனை. ஃப்ளஷ் லைன் வேறு எந்தக் குழாயோடும் ஒட்டவில்லை என்று கண்ணால் பார்க்க வேண்டும். பிளம்பர் வரைபடத்தைக் காட்டுவார், அதை நம்பாதீர்கள். ஃப்ளஷுக்கான மேல்தொட்டியில் போர்த் தண்ணீரை நிரப்பி, கேசரிப் பவுடரைக் கரைத்து ஊற்றுங்கள். அன்றைக்குக் குளோரின் போட வேண்டாம், நிறத்தை வெளுத்துவிடும். பிறகு வீடு வீடாகப் போய் ஃப்ளஷை அழுத்துங்கள். தண்ணீர் ஆரஞ்சாக விழ வேண்டும். மற்ற எல்லாக் குழாயையும் இரண்டு மூன்று நிமிடம் திறந்து வையுங்கள். அவற்றில் நிறம் துளியும் வரக் கூடாது.

எங்கள் இடத்தில் மூன்று வீடுகளில் ஹெல்த் ஃபாசெட்டில், அதாவது கழிவறையில் கழுவிக்கொள்ளும் கைக்குழாயில், ஆரஞ்சு வந்தது. மூன்றுமே கட்டடம் கட்டிய பிறகு பாத்ரூமைப் புதுப்பித்த வீடுகள். இருவழி ஆங்கிள் காக் ஒன்றைப் போட்டு, ஃப்ளஷுக்கு வரும் லைனிலிருந்தே ஹெல்த் ஃபாசெட்டுக்கும் எடுத்துவிட்டார் பிளம்பர். அவரைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு இரண்டு லைனிலும் ஒரே தண்ணீர்தானே ஓடியது. இதை மட்டும் மறுசுழற்சித் தண்ணீர் விட்ட பிறகு கண்டுபிடித்திருந்தால், அதோடு எங்கள் கதை முடிந்திருக்கும். போர்த் தண்ணீர் ஓடும்போதே பார்த்ததால் ஆங்கிள் காக்கை மாற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போனோம்.

மூன்றாவது, வெளி ஆய்வகத்தின் அறிக்கை. பிஓடி, சிஓடி (இரண்டும் தண்ணீரில் மிச்சமிருக்கும் அழுக்கின் அளவுகள்), மிதக்கும் திடப்பொருள், பிஎச், கோலிஃபார்ம் கிருமி இவ்வளவும் இருக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உங்கள் குடியிருப்புக்குக் கொடுத்த அனுமதியில் ஒவ்வொன்றுக்கும் வரம்பு போட்டிருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காவது, கணக்கு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர், அதில் 45 லிட்டர் ஃப்ளஷுக்கு என்று வைத்துத்தான் கட்டட வடிவமைப்பில் கணக்குப் போடுகிறார்கள். 100 வீடு, வீட்டுக்கு 4 பேர் என்றால் ஃப்ளஷுக்கு மட்டும் தினமும் 18,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஒன்றரை லோடு. போன கோடையின் மூன்று மாத டேங்கர் பில்லையும் எடுத்து வையுங்கள். "சுற்றுச்சூழலுக்கு நல்லது" என்று நீங்கள் பத்து நிமிடம் பேசுவதைவிட அந்தப் பில் அதிகம் பேசும்.

2. பெயரை முதலில் முடிவு செய்யுங்கள்

நீங்கள் பெயர் வைக்காவிட்டால் எதிர்ப்பவர் வைத்துவிடுவார். அமெரிக்காவின் சான் டியேகோவில் 1990களில் நடந்தது இதுதான். கழிவறையிலிருந்து குழாய்க்கு என்று யாரோ சூட்டிய பெயர் ஒட்டிக்கொண்டது, மறுசுழற்சி நீரைக் குடிநீராக்கும் திட்டம் அப்போது நின்றே போனது. சிங்கப்பூரில் புதுநீர் என்ற பொருளில் ஒரு பெயரை அரசே முந்திக்கொண்டு வைத்தது.

அதற்காக அலங்காரப் பெயரும் வேண்டாம். ஒரு குடியிருப்பில் "பசுமை அமுதம்" என்று வைத்திருந்தார்கள். முதல் கூட்டத்திலேயே ஒருவர், "அமுதம்னா குடிக்கலாமுங்களா?" என்று கேட்டார். சிரிப்பு அடங்கவே ஐந்து நிமிடம் ஆனது. மூலத்தை மறைக்கிற பெயர் எதையோ மறைப்பதாகவே கேட்கும்.

"சுத்திகரித்த நீர்" என்பதும் நம் பக்கத்தில் முதல் சொல்லாக எடுபடாது. காரணம் நொய்யல் ஆறு. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையானதைப் பார்த்தவர்கள் உங்கள் குடியிருப்பிலும் இருப்பார்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள் இருப்பார்கள். "சுத்தம் பண்ணித்தான் உடறோமுங்க" என்பதை வருடக்கணக்கில் கேட்டுச் சலித்த காது அது. சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. அந்தச் சொல்லின் கடனை நீங்கள் அடைக்க வேண்டியதில்லை, வேறு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு உதவியது ஏற்கனவே ஊரில் இருக்கும் வழக்கம். கோவையில் வீட்டுக்கு இரண்டு தண்ணி. சிறுவாணியோ பில்லூரோ, கார்ப்பரேஷன் குழாயில் வருவது நல்ல தண்ணி. போரில் வருவது உப்புத் தண்ணி. ஒரம்பரை வந்தால் சொம்பில் எதைப் பிடித்துக் கொடுப்பது என்று எந்த வீட்டுப் பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீரை வேலைக்கேற்றபடி பிரித்துப் புழங்குவதில் நாம் தேர்ந்தவர்கள். அதனால் இதை "மூணாவது தண்ணி" என்றோம். நோட்டீசில் "மறுசுழற்சி நீர்", பேச்சில் "மூணாவது தண்ணி". இரண்டாவது கூட்டத்திலேயே வீட்டுக்காரர்கள் வாயில் அது சரளமாக வந்துவிட்டது.

எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நேராகச் சொல்லிவிடுங்கள்: நம் வீட்டுப் பாத்ரூம், சமையலறை, கழிவறைத் தண்ணீர்தான். மென்று முழுங்கினால் அடுத்த கேள்வி நூறு மடங்கு கனமாக வரும்.

3. எவ்வளவு சுத்தம் என்பதற்கு முன்னால், எங்கே போகும் என்பதைச் சொல்லுங்கள்

புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் தவறுகிற இடம் இது. எஸ்டிபியின் பெருமையிலிருந்து தொடங்குவார்கள்: எத்தனை கட்டம், என்ன ஃபில்டர், என்ன கதிர். கேட்பவர் மனதில் ஓடுவதோ, "இது எங்க சமையல் குழாய்ல வருமா?" என்ற ஒன்றே ஒன்று. அதற்குப் பதில் கிடைக்கும்வரை வேறு எதுவும் காதில் ஏறாது.

அதனால் ஒரே ஒரு தாள் போடுங்கள். மேல் பாதியில் வரும் இடங்கள்: ஃப்ளஷ் டேங்க், பூங்காவின் சொட்டுக் குழாய். கீழ் பாதியில் வராத இடங்கள்: சமையலறை, குளியல், வாஷ்பேசின், வாஷிங் மெஷின், ஹெல்த் ஃபாசெட். ஹெல்த் ஃபாசெட்டைத் தவறாமல் பெயர் சொல்லி எழுதுங்கள். கூச்சப்பட்டுக் கேட்காமல் போகிறவர்கள் நிறைய, கேட்காத கேள்விதான் பிறகு வதந்தியாக வரும்.

இதற்கு நடுவில் ஒரு சாம்பல் பகுதி இருக்கிறது. கூட்டத்துக்கு முன்பே நிர்வாகக் குழு உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று முடிவு செய்துவிட வேண்டும். கேட்பார்கள் என்று நான் நினைத்தே பார்க்காத கேள்விகள் இவை:

வாசல் தெளிக்கலாமா? கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றலாமா? துளசிக்கு? கார் கழுவலாமா? குழந்தைகள் உருளும் புல்தரைக்கு? குடியிருப்புப் பிள்ளையாருக்குப் பறிக்கும் அரளிக்கு?

அரளிக்கு நாங்கள் தயாராக இல்லை. பெருந்துறைப் பக்கத்து அம்மா ஒருவர் எழுந்து, "ஏந்தம்பி, அந்தத் தண்ணில வளந்த பூவச் சாமிக்கு வெக்கலாமுங்களா?" என்றார். பொருளாளர், "பூவுக்குள்ள அதெல்லாம் போகாதுங்கம்மா" என்று அறிவியல் பேசினார். அரங்கமே அந்த அம்மா பக்கம் சாய்ந்துவிட்டது. அடுத்த தடவை, கோயிலைச் சுற்றியுள்ள பாத்திக்குத் தனியாகப் போர்த் தண்ணீர்க் குழாய் போட்டுவிட்டு வந்து, தாளில் "வராத இடங்கள்" பக்கம் எழுதினோம். அரை நாள் வேலை. மனசு சம்பந்தப்பட்ட இடத்தில் வாதாடாமல் விட்டுக்கொடுத்துவிடுங்கள், தண்ணீரில் பெரிதாக ஒன்றும் குறையாது.

வாசலுக்கும் கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் வேண்டாம் என்றே முடிவு செய்தோம். கார் கழுவுவதையும் முதல் வருடம் விட்டுவிட்டோம். அதில் கையும் முகமும் நனையும். புல்தரைக்கு இரவு 10 மணிக்கு மேல் மட்டும், அதுவும் தெளிப்பான் இல்லாமல்.

4. யாரிடம் முதலில் பேசுவது

வாட்ஸாப் குழுவில் முதலில் போடாதீர்கள். நான் போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நீளமாக ஓர் அறிவிப்பு. மதியத்துக்குள், "நம்ம குழாய்ல சாக்கடைத் தண்ணி உடப்போறாங்களாம்" என்று ஒரு குரல் பதிவு, அதன்மேல் நாற்பது பதில்கள். என் அறிவிப்பைப் பாதிப் பேர் திறந்துகூடப் பார்க்கவில்லை. எட்டு மாதம் தள்ளிப்போனதற்கு அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் காரணம்.

இரண்டாவது தடவை வரிசையை மாற்றினோம்.

முதலில் வேலையாட்கள்: எஸ்டிபி ஆப்பரேட்டர், தோட்டக்காரர், செக்யூரிட்டி, பிளம்பர், வீட்டு வேலைக்கு வரும் அக்காமார். வீட்டுக்காரர்கள் உண்மையைத் தெரிந்துகொள்ளக் கேட்பது இவர்களிடம்தான். "ஏனுங்க அண்ணா, அந்தத் தண்ணி எப்படீங்க இருக்குது?" என்ற கேள்விக்குத் தோட்டக்காரர் உதட்டைப் பிதுக்கினால் உங்கள் ஆய்வக அறிக்கைக்கு மதிப்பில்லை. அவர்களுக்குக் கையுறையும் பூட்ஸும் கொடுத்துவிட்டுப் பேசுங்கள். வெறுங்கையோடு அவர்களை அந்தத் தண்ணீரில் இறக்கிவிட்டு, "ஒண்ணும் ஆகாது" என்று வீட்டுக்காரர்களிடம் சொன்னால் யார் நம்புவார்கள்?

அடுத்தது, வீட்டில் தண்ணீரைப் புழங்குகிற பெண்கள். பிளாக்குக்குப் பத்துப் பேர், மாலை 4 மணி, டீ, முறுக்கு, நோட்டுப் புத்தகம். நீங்கள் பேசுவது குறைவாகவும் எழுதிக்கொள்வது அதிகமாகவும் இருக்கட்டும். மேலே சொன்ன சாம்பல் பகுதிக் கேள்விகள் எல்லாம் எனக்கு இந்த நோட்டில்தான் கிடைத்தன.

மூன்றாவது, எதிர்ப்பவர்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் தனியாகப் போங்கள், போன் போட்டு வரச் சொல்லாதீர்கள். அவர்களை வழிக்குக் கொண்டுவரப் போகிறோம் என்ற நினைப்போடு போக வேண்டாம். அவர் சொல்லும் குறைகளில் ஒன்றாவது உண்மையாக இருக்கும், அதைச் சரிசெய்துவிட்டு அவருக்கே முதலில் தெரிவியுங்கள். எங்கள் இடத்தில் கடுமையாக எதிர்த்த ஓய்வுபெற்ற மில் மேஸ்திரி ஒருவர்தான் பிறகு கேசரிப் பவுடர் சோதனைக்கு வீடு வீடாகக் கூட வந்தார்.

நான்காவதுதான் பொதுக்குழு. வாட்ஸாப் அதற்கும் பிறகு.

வரிசைக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், முடிவெடுத்துவிட்டுக் கேட்கிறார்கள் என்ற எண்ணம் வந்தால் தண்ணீர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஓட்டு எதிராகத்தான் விழும். ஆஸ்திரேலியாவின் டூவூம்பா நகரத்தில் கடும் வறட்சியின்போது, 2006 ஜூலையில் மறுசுழற்சி நீரைக் குடிநீரில் சேர்க்கலாமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். ஏறத்தாழ 62 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். நகராட்சி விளக்கம் சொல்லத் தயாராவதற்குள் எதிர்த்தரப்பு தெருவில் இறங்கியிருந்தது.

5. எஸ்டிபியைச் சுற்றிக் காட்டுவது

ஒரு தடவைக்கு எட்டுப் பேர், அதற்கு மேல் வேண்டாம். காலையில் எல்லோரும் குளிக்கும் நேரத்தில் வாடை கூடுதலாக இருக்கும், முற்பகல் 11 மணி சரியாக வரும். முந்தின நாள் தரையைக் கழுவி, சேறு பிழியும் இடத்தைச் சுத்தம் செய்துவிடுங்கள்.

எந்த முனையிலிருந்து தொடங்குவது என்பதில் நான் இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன். தெளிந்த தண்ணீரிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போனால் கடைசியாகப் பார்த்த சேற்றுத் தொட்டிதான் மனதில் தங்குகிறது. அதனால் சேகரிப்புத் தொட்டியை மூடியோடு காட்டிவிட்டு நகருங்கள். காற்றுத் தொட்டியில் நில்லுங்கள். முடிவில் வெள்ளை பக்கெட்டில் தண்ணீரைப் பிடித்துக் காட்டுங்கள். வெள்ளை பக்கெட்டுக்குக் காரணம் உண்டு: லேசான மஞ்சள் இருந்தால் அதில் தெரிந்துவிடும். தெரியட்டும், நீங்களே சொல்லுங்கள். கண்ணாடி டம்ளரில் காட்டி மறைத்துவிட்டு, வீட்டில் வெள்ளைப் பீங்கானில் அவர்கள் பார்க்கும்போது மாட்டிக்கொள்வதைவிட இது மேல்.

காற்றுத் தொட்டியில் நுண்ணுயிரைப் பற்றி விளக்கும்போது பாடநூல் வார்த்தை வேண்டாம். எருக்குழி என்று சொன்னால் போதும். தோட்டம் வைத்திருந்த எந்தக் குடும்பத்துக்கும் தெரியும், குழியில் கொட்டும்போது நாறுவது அடுத்த பட்டத்துக்கு அள்ளும்போது மண் வாசம் அடிக்கும். இங்கே அதே வேலையைத் தண்ணீருக்குள், காற்றை ஊதி ஊதி, மணிக்கணக்கில் முடிக்கிறார்கள். பிறகு படியவிட்டு, மணல், கார்பன் ஃபில்டர்களில் வடித்து, குளோரினோ புறஊதாக் கதிரோ கொடுக்கிறார்கள்.

இவ்வளவும் பார்த்துவிட்டு ஒருவர், "எல்லாம் சரிங்க, ஆனா மனசு ஒப்பல" என்பார். அவரை மடக்க முயலாதீர்கள். உளவியலாளர் பால் ரோசினும் உடன் ஆய்வாளர்களும் 1980களில் ஒரு சோதனை செய்தார்கள். நுண்ணுயிர் நீக்கிய செத்த கரப்பானைப் பழச்சாற்றில் தொட்டு எடுத்துவிட்டுக் குடிக்கச் சொன்னார்கள். அதில் கிருமி இல்லை என்று தெரிந்தும் ஆட்கள் தயங்கினார்கள். ஒருமுறை பட்டது பட்டதுதான் என்று மனம் நினைக்கிறது. அதை ஆய்வக அறிக்கை துடைக்காது, நாள்பட்ட பழக்கம்தான் துடைக்கும். எங்கள் பிளாக் பாட்டி ஒருவர் இதை இன்னும் நன்றாகச் சொன்னார்: "சாணி கரைச்சு வாசத் தெளிச்சவதான் கண்ணு நானு. அது எங்க மாடு. இது ஆரு வூட்டுதுன்னே தெரியலியே." அவருக்கு என்னிடம் பதில் இல்லை. ஃப்ளஷுக்குச் சம்மதித்தார், மற்றதற்கெல்லாம் இல்லை. அவ்வளவு போதும்.

இங்கே ஒரு பெரிய தவறைச் சொல்லியாக வேண்டும். நம்பிக்கை வர வேண்டும் என்று செயலாளரே ஒரு டம்ளர் குடித்துக் காட்டுவது. குடிக்காதீர்கள். சிங்கப்பூரில் குடித்துக் காட்டுகிறார்கள் என்றால், அங்கே நுண்வடிகட்டல், ஆர்ஓ, புறஊதாக் கதிர் எல்லாம் கடந்து வரும் தண்ணீர் அது. நமீபியாவின் விண்ட்ஹூக் நகரம் 1968 முதல் குடிநீரில் கலக்கிறது, அங்கேயும் அதற்கென்று கட்டிய தனி ஆலை. உங்கள் கீழ்த்தளத்து எஸ்டிபி மணலோடும் கார்பனோடும் நிற்கிறது. குடித்தால் உடம்புக்கு ஆகாது என்பது ஒரு பக்கம். மூன்றாம் படியில் பாடுபட்டுப் போட்ட கோட்டை நீங்களே அழித்துவிடுவீர்கள் என்பது இன்னொரு பக்கம். குடிக்கிற தண்ணி இல்லை என்று சொன்னவர் குடித்தால், எதை நம்புவது?

6. பொதுக்குழுக் கூட்டம்: டிடிஎஸ் மீட்டருக்குத் தயாராகுங்கள்

கூட்டத்துக்கு யாராவது ஒருவர் டிடிஎஸ் மீட்டரோடு வருவார். கோவையில் இது நிச்சயம். வீட்டுக்கு வீடு ஆர்ஓ மிஷின், மிஷின்காரர் கொடுத்த மீட்டர் டிராயரில் கிடக்கும். தண்ணீரில் முக்குவார். போர்த் தண்ணீரைவிடச் சில நூறு கூடுதலாகக் காட்டும். "பாருங்க, சுத்தம் பண்ணின லட்சணத்த!" என்பார்.

அவர் கையில் மீட்டர் வரும் முன்னால் நீங்கள் முக்கிக் காட்டிவிடுங்கள். மூன்று கிண்ணம்: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி, மூணாவது தண்ணி. மூன்றின் எண்ணையும் பலகையில் எழுதிவிட்டு விளக்குங்கள். மீட்டர் காட்டுவது கரைந்த உப்பை. எஸ்டிபி தின்பது அழுக்கை. உப்பை அது தொடாது. நாம் புழங்கும் போர்த் தண்ணீரிலேயே உப்பு உண்டு, சோப்பும் சமையலும் கொஞ்சம் சேர்க்கின்றன. அதனால் மூன்றாவது எண் பெரும்பாலும் கூடத்தான் இருக்கும். ஃப்ளஷுக்கு அது பொருட்டில்லை. செடிக்குப் பொருட்டு உண்டு. உப்பு தாங்காத செடிகளுக்குப் போர்த் தண்ணீரோடு கலந்து விட வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

அடுத்து வருவது வாடைக் கேள்வி. ஊருக்குப் போய்விட்டு ஒரு வாரம் கழித்து வந்தால் ஃப்ளஷ் டேங்கில் தேங்கிய தண்ணீர் லேசாக வாடை அடிக்கும். குளோரின் தீர்ந்துபோவதுதான் காரணம். இரண்டு தடவை அழுத்தினால் போய்விடும். இதை முன்கூட்டியே சொன்ன குடியிருப்பில் தீபாவளி விடுமுறைக்குப் பிறகு புகார் வந்ததில்லை. சொல்லாத இடத்தில் ஆறேழு பேர் வரிசையில் நின்றார்கள்.

திருப்பூர்க்காரர் யாராவது சாயத் தண்ணீர்ப் பேச்சை எடுத்தால் மட்டும் இதைச் சொல்லுங்கள்: இன்று அங்கே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்ஓ வழியாக மீட்கும் தண்ணீர் திரும்பவும் சாயத் தொட்டிக்கே போகிறது. நாம் போட்டிருக்கும் பனியன் அந்தத் தண்ணீரில் நனைந்ததாக இருக்கலாம். நீங்களாக எடுக்க வேண்டாம். பழைய புண்ணைக் கிளறியதாகிவிடும்.

ஓட்டெடுப்பை அன்றே வைக்காதீர்கள். ஒரு பிளாக்கில் மூன்று மாதம் சோதனை என்று கேளுங்கள், முதலில் நிர்வாகக் குழுவினர் வீடுகள் இருக்கும் பிளாக். உங்கள் வீட்டில் ஓடாத தண்ணீரை அடுத்த வீட்டில் விட முடியாது.

7. நாறும் நாளுக்கு இப்போதே எழுதி வையுங்கள்

என்றைக்காவது ஒரு நாள் நாறும். கார்பன் ஃபில்டர் தீர்ந்துபோகும், ப்ளோயர் நிற்கும், விசேஷ வீட்டில் எண்ணெய் முழுக்க சிங்கில் இறங்கும். அந்த நாளில் முதல் செய்தி உங்களிடமிருந்து வர வேண்டும். எங்களுக்கு ஒருமுறை கார்பன் மாற்றத் தாமதமானபோது, புதுக் கார்பன் நாளைக்கு வந்துவிடும் என்று இரண்டு நாள் சும்மா இருந்தேன். வாடையை மன்னித்தவர்கள்கூட அந்த இரண்டு நாளை மன்னிக்கவில்லை.

ஃப்ளஷ் லைனைப் போர்த் தண்ணீருக்கு மாற்றும் வழி ஒன்று கட்டாயம் வேண்டும். இரண்டும் ஒட்டாதபடி, போர்த் தண்ணீர் தொட்டியின் மேல் விளிம்புக்கு மேலிருந்து விழுவது போல வைத்தால் பின்னோக்கிக் கலக்காது. மாற்றுவதற்கு ஆப்பரேட்டர் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

செய்தி இப்படி இருக்கலாம்:

"வணக்கம். இன்று காலை 7 மணி முதல் பி பிளாக்கில் மூணாவது தண்ணியில் வாடை வருகிறது. கார்பன் ஃபில்டர் தீர்ந்துவிட்டது. 7.40க்கு ஃப்ளஷ் லைனைப் போர்த் தண்ணீருக்கு மாற்றிவிட்டோம். மற்ற குழாய்களில் எந்த மாற்றமும் இல்லை. புதுக் கார்பன் போட்டு, தண்ணீரைச் சோதித்த பிறகே திரும்ப விடுவோம். நாளை மாலை 6 மணிக்கு அடுத்த செய்தி."

கடைசி வரி முக்கியம். வேலை முடியாவிட்டாலும் 6 மணிக்கு, "இன்னும் முடியவில்லை" என்று ஒரு வரி போடுங்கள். "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று மட்டும் போட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது.

8. குழாயும் பலகையும்

பூங்காவில் திருகு வைத்த குழாய் வேண்டாம். சாவி போட்டுத் திறக்கும் குழாய் போடுங்கள், சாவி தோட்டக்காரரிடம் இருக்கட்டும். கோடையில் விளையாடி ஓடிவரும் பையன் பலகையைப் படிக்க மாட்டான், குழாயில் வாயை வைப்பான்.

பலகையில் குடிக்கக் கூடாது என்ற படம் பெரிதாக இருக்கட்டும். எழுத்து தமிழில், கூடவே இந்தியிலும். கட்டட வேலைக்கும் செக்யூரிட்டிக்கும் வருகிறவர்கள் பலர் வடக்கிலிருந்து வந்தவர்கள். குழாய்க்குத் தனி நிறம் அடியுங்கள். பல நாடுகளில் ஊதா அடிக்கிறார்கள், நாமும் அதையே எடுத்துக்கொள்ளலாம். நிறம் கண்ணில் படும் இடத்திலெல்லாம் இருந்தால்தான் அடுத்து வரும் பிளம்பர் தப்பாக இணைக்க மாட்டார்.

9. மிச்சத் தண்ணீர் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகிறதென்றால்

இது வேறு பேச்சு. புழங்கும் தண்ணீரில் சுமார் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும், ஃப்ளஷுக்குப் போக மீதி நிறையவே இருக்கும். வாரிய அனுமதியில் அதற்கு இடம் இருந்தால், பக்கத்தில் தென்னையோ தீவனமோ போட்டிருப்பவர் கேட்பார்.

அவர் வாடையைப் பற்றிக் கேட்க மாட்டார். மண் உப்பாகுமா, கெட்டால் யார் பொறுப்பு என்பதுதான் அவர் கேள்வி. உங்கள் அறிக்கையை நீட்டாதீர்கள். அவரே அவர் பாட்டிலில் பிடித்து, அவர் சொல்லும் ஆய்வகத்தில் கொடுக்கட்டும், கட்டணம் மட்டும் சங்கத்துடையது. தண்ணீர் விடும் முன் மண் பரிசோதனை ஒன்று, வருடம் ஒருமுறை அடுத்தடுத்து. பச்சையாகத் தின்னும் கீரை, காய்க்கு விடக் கூடாது என்பதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

10. முதல் மூன்று மாதம், அதற்குப் பிறகு

லிஃப்ட் பக்கத்தில் ஒரு பலகை, அதில் வாரம் ஒருமுறை மூன்று வரி: இந்த வாரம் மூணாவது தண்ணி எத்தனை லிட்டர், டேங்கர் எத்தனை லோடு, புகார் எத்தனை. புகார் எண்ணிக்கையை மறைக்காதீர்கள். எங்கள் பலகையில் தொடர்ந்து நான்கு வாரம் பூஜ்யம் இருந்தபோதுதான், "நெசமாவா?" என்று ஒருவர் சந்தேகப்பட்டார்.

டேங்கரே இனி வராது என்று வாக்குக் கொடுக்காதீர்கள். போர் வற்றும் மே மாதத்தில் ஒரு லாரி உள்ளே வந்தாலும் பொய் சொன்னதாகிவிடும். ஃப்ளஷுக்குப் போன லிட்டர் மிச்சம், அவ்வளவுதான் உங்கள் கணக்கு.

இன்னும் ஒன்று. குடியிருப்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், முக்கியமாகப் பள்ளி திறக்கும் ஜூன் மாதம். நீங்கள் பன்னிரண்டு வாரம் பேசியது புதிதாக வந்த வாடகைக்காரருக்குத் தெரியாது. மூன்றாம் படியில் போட்ட தாளை, வீட்டுச் சாவி கொடுக்கும்போதே செக்யூரிட்டி அவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கட்டும். பாத்ரூம் வேலைக்கு அனுமதி கேட்டு யார் வந்தாலும், வேலை முடிந்ததும் கேசரிப் பவுடர் சோதனை உண்டு என்று அனுமதித் தாளிலேயே அச்சடித்துவிடுங்கள்.